பிடி அரிசியில் எழுந்த ஊர்கள்



அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிப் பேருந்தில் சென்றவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். இருபுறமும் கரிசல் நிலம். கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேலம். ஆங்காங்கே கரிமூட்டப் புகை. குண்டாற்றில் ஆண்டின் பெரும்பகுதி மணலைத்தான் காணலாம். வடகிழக்குப் பருவமழை பொய்த்துவிட்டால் கண்மாயும் வறண்டுவிடும். "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்று அரசு ஊழியர்களை மிரட்டுவார்களே, அந்தக் காடு எங்கள் பழைய இராமநாதபுரம் சீமைதான்!

"வருமானமில்லாத ஊர்; இங்கே என்ன செய்துவிட முடியும்?" என்று நாமும் அடிக்கடி கேட்கிறோம். இந்தக் கேள்விக்கு விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இதே மண்ணின் வரலாற்றில் அது இருக்கிறது.

மகமை என்னும் சிறு துளி

19ஆம் நூற்றாண்டில் தெற்கிலிருந்து வணிகத்திற்காக வந்த நாடார் சமூகத்தினர் இப்பகுதியில் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் காலூன்றினர். அன்று அவர்களிடம் பெரும் செல்வமில்லை, சமுதாயத்தில் மதிப்புமில்லை. சரக்கு ஏற்றிய வண்டிகளுக்கு வழியில் கள்வர் பயம் வேறு. எனவே வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பத்திரமாகத் தங்குவதற்குச் சுற்றுச்சுவருடன் கூடிய பேட்டைகளை அமைத்தனர். பேட்டைக்கு வரும் சரக்கின் மீது ஒரு சிறு தொகையைப் பொது நிதிக்கென வசூலித்தனர். அதற்கு மகமை என்று பெயர்.

ஒரு மூட்டைக்குக் கொடுத்தது சொற்பம்தான். ஆனால் அது ஒருமுறை கொடுத்து மறக்கும் நன்கொடையன்று. வியாபாரம் நடக்கும் நாளெல்லாம் சேரும் நிதி. பணக்காரர் மட்டுமல்ல, சிறு வியாபாரியும் கொடுத்தார். அதனால் அந்த நிதியைப் பற்றிக் கேள்வி கேட்கும் உரிமை அவருக்கும் இருந்தது. உறவின்முறை என்ற ஊர் அமைப்பு அதை நிர்வகித்தது. அந்த நிதியிலிருந்து கிணறுகளும் சத்திரங்களும் பள்ளிகளும் எழுந்தன.

விருதுநகரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய சத்திரிய வித்தியாசாலையின் கதை இன்னும் சிறப்பானது. அந்தப் பள்ளிக்காக வீடுதோறும் தாய்மார்கள் நாள்தோறும் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைத் தனியே எடுத்து வைத்தனர். அதைச் சேகரித்து விற்ற பணம் ஏழைச் சிறுவர்களின் கல்விக்கு உதவியது. தந்தையை இழந்த ஒரு சிறுவன் அங்கே படித்தான். குடும்ப நிலை காரணமாக இடையிலேயே படிப்பை நிறுத்தினான். 1954இல் அவரே தமிழகத்தின் முதலமைச்சரானார். ஆம், 1903இல் பிறந்த காமராசர்தான் அவர்! அவருடைய ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியபோது ஊர் மக்களின் பங்களிப்பும் அதில் சேர்ந்தது. பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பொதுமக்கள் தத்தம் ஊர்ப் பள்ளிக்கு நிலமும் கட்டடமும் மேசையும் மணியும் கொடுத்தனர். பிடி அரிசியில் படித்தவருக்கு அதன் வலிமை தெரியாதா என்ன?

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். மகமை முதலில் ஒரு சமூகம் தன்னைக் காத்துக்கொள்ள எழுப்பிய வேலிதான். ஊர் முழுவதற்குமான நிதியாக அது தொடங்கவில்லை. ஆனால் அதனால் எழுந்த பள்ளிகள் காலப்போக்கில் எல்லாருடைய பிள்ளைகளுக்கும் பள்ளிகளாயின. வேலி கதவாக மாறியபோதுதான் அந்த ஊர்கள் வளர்ந்தன.

ஓர் ஊருணியின் கதை

இனி என் அனுபவம் ஒன்று. திருச்சுழிப் பக்கம் ஒரு சிற்றூர். அங்கே குடிநீருக்கு ஆதாரமாயிருந்த ஊருணி தூர்ந்து கிடந்தது. வெளிநாட்டில் பணிபுரியும் ஒரு நல்ல மனிதர் முழுச் செலவையும் ஏற்றுக்கொண்டார். தூர் வாரினோம், கரை உயர்த்தினோம், கம்பி வேலியும் போட்டோம். அந்தக் குழுவில் நானும் ஒருவன். விழா நடத்தி, விருந்துண்டு கலைந்தோம்.

மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் வரத்துக்கால் அடைபட்டிருந்தது. உள்ளே கருவேலம் முளைத்திருந்தது. வேலிக் கம்பியையும் காணவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? ஊரில் ஒருவரும் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கவில்லையே! கொடுங்கள் என்று நாங்களும் கேட்கவில்லையே! பணம் போதாமல் அந்த வேலை கெடவில்லை. பணம் முழுவதும் ஓரிடத்திலிருந்து வந்ததால் அது யாருடைய வேலையுமில்லாமல் போயிற்று. அந்தத் தவறில் எனக்கும் பங்குண்டு.

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். மழைக்கு முன் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியுடன் வந்து வரத்துக்காலும் மடையும் கலுங்கும் சீர்செய்யும் குடிமராமத்து இருந்தது. கண்மாய் மீனையும் மரத்தையும் ஏலம் விட்டு, அந்த வருவாயைப் பொதுச் செலவுக்கு வைத்துக்கொண்ட ஊர்கள் பல.

ஓடந்துறை காட்டும் வழி

இதெல்லாம் பழங்கதை என்று எண்ணிவிடாதீர்கள். கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே ஓடந்துறை என்றொரு சிற்றூராட்சி. ஆர். சண்முகம் அதன் தலைவராக இருந்த காலத்தில் ஊராட்சியின் சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து, 2006இல் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை ஊராட்சியே நிறுவியது. தெருவிளக்குக்கும் குடிநீர் இறைப்பதற்கும் ஆன மின்செலவு அந்த ஊராட்சியை வாட்டிக்கொண்டிருந்தது. காற்றாலை வந்தபின் மிஞ்சிய மின்சாரம் மின்வாரியத்துக்கு விற்பனையாயிற்று. செலவு எங்கே கசிகிறது என்று கணக்குப் பார்த்ததுதான் அந்தத் தலைமையின் முதல் வேலை.

நாம் செய்யக்கூடியவை

முதலாவது, ஊராட்சியில் வாழ்பவர்கள் கிராம சபைக்குச் செல்லுங்கள். தமிழகத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை அது கூடுகிறது. வரவு செலவைக் கேட்பது சண்டையன்று, நம் கடமை. பெண்களும் வரவேண்டும். தண்ணீர்க் குடத்தின் பாரம் அவர்களுக்குத்தானே தெரியும்!

இரண்டாவது, "நமக்கு நாமே" திட்டத்தைக் கேட்டறியுங்கள். 1997இல் தொடங்கி, 2021இல் மீண்டும் உயிர்பெற்ற திட்டம் அது. பொதுவாக மக்கள் மூன்றில் ஒரு பங்கைத் திரட்டினால் மீதியை அரசு தருகிறது. சிறு சேமிப்புள்ள ஊருக்கே அந்தக் கதவு திறக்கும்.

மூன்றாவது, நம் ஜமாஅத்துகளில் தலைக்கட்டு வரி உண்டு. பல ஊர்களில் பைத்துல்மாலும் உண்டு. ஜகாத்துக்குரிய பணம் அதற்குரியவர்களுக்கே செல்லட்டும். ஊர்ப் பொதுக் காரியத்துக்கென்று தனியே ஒரு சிறு நிதி வைக்கலாமே! பக்கத்துத் தெருச் சகோதரர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஊருணித் தண்ணீர் யார் வீட்டுக் குடம் என்று பார்ப்பதில்லை.

நான் சொன்ன அந்த ஊருணியை மறுபடியும் சுத்தம் செய்யத் தொடங்கியிருக்கிறோம். இம்முறை தலைக்கட்டுக்கு மாதம் இருபது ரூபாய். எல்லாத் தெருவினரும் தருகிறார்கள். வரவு செலவைத் தேநீர்க் கடைச் சுவரில் மாதந்தோறும் ஒட்டுகிறோம். சென்ற மாதம் ஒரு மூதாட்டி பேரனை அழைத்து வந்து அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பி, "மண்வெட்டிப் பிடிக்கு நூற்றைம்பதா?" என்று அதட்டினார்.

அன்றுதான் எனக்கு நம்பிக்கை பிறந்தது.