மின்சாரத்தைக் கண்டால் பயமா?

"மின்சாரத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?"

புது வேலைக்கு மனுப் போட்ட இளம் பெண்ணிடம் இப்படி ஒரு கேள்வி!

"கல்லூரியில் பவுதிகம் படித்திருக்கிறேன். மின்சார விதிகள் தெரியும்" என்றார் அவர்.

"அது இருக்கட்டும். மின்சாரத்தைக் கண்டால் பயமா?"

"பயம் இல்லை!"

வேலை கிடைத்தது.

இது நடந்தது அமெரிக்காவில், 1945-ம் ஆண்டில். அந்தப் பெண்ணின் பெயர் ஜீன் ஜென்னிங்ஸ். மிசவுரி மாநிலத்தில் பண்ணை வீட்டில் வளர்ந்தவர். அப்போது வயது 20.

யாருக்கும் தெரியாத வேலை

பிலடெல்பியா நகரில் ராணுவத்துக்காக "எனியாக்" என்ற ராட்சதக் கம்ப்யூட்டர் தயாராகிக்கொண்டிருந்தது. எடை 30 டன்! பீரங்கிக் குண்டு பறக்கும் பாதையைக் கணக்கிடுவது அதன் வேலை.

அந்த எந்திரத்துக்குக் கட்டளை கொடுக்க ஆள் வேண்டும். அந்த வேலையை அதுவரை யாரும் செய்ததில்லை. அதற்குப் படிப்பும் இல்லை, பட்டமும் இல்லை. ஆளை எப்படித் தேர்ந்தெடுப்பது?

குண்டுப் பாதைக் கணக்கைக் கையால் போட்டுவந்த பெண்களில் 6 பேரை எடுத்தார்கள். வயர்களைச் செருக வேண்டும், சுவிட்சுகளைத் திருப்ப வேண்டும். அதனால்தான் அந்தக் கேள்வி!

கற்றுக்கொள்ளப் புத்தகம் கிடையாது. எந்திரத்தின் வரைபடங்களைப் பார்த்து அவர்களே கற்றார்கள்.

1946 பிப்ரவரியில் வெள்ளோட்டம். ஒருவர் 30 மணி நேரத்துக்கு மேல் போடும் கணக்கை, எந்திரம் 20 வினாடியில் போட்டு முடித்தது. குண்டு தரையில் விழும் முன்பே விடை வந்துவிட்டது!

இன்று என்ன செய்கிறார்கள்?

இன்று பட்டதாரிகளுக்குக் குறைவில்லை. ஆனால் பட்டத்தை மட்டும் பார்த்தால் ஆளின் திறமை தெரியுமா?

சில கம்பெனிகள் விடுகதை போட்டுப் பார்த்தன. அது வீண் வேலை என்று 2013-ல் கூகுள் கம்பெனியின் ஊழியர் துறைத் தலைவரே சொல்லிவிட்டார்.

சிறிய வேலை ஒன்றைக் கொடுத்துச் செய்யச் சொல்வதே நல்ல வழி. உதாரணத்துக்கு ஒரு சோதனை:

1 முதல் 100 வரை கம்ப்யூட்டர் எண்களை எழுத வேண்டும். 3-ஆல் வகுபடும் எண்ணுக்குப் பதில் "பிஸ்". 5-ஆல் வகுபட்டால் "பஸ்". இரண்டாலும் வகுபட்டால் "பிஸ்பஸ்". இதற்குக் கட்டளை எழுதுங்கள்!

கேட்க எளிது. ஆனால் 15 வரும்போது பலர் சறுக்குவார்கள். 3-ஆல் வகுபடுகிறதா என்று முதலில் பார்த்து, "பிஸ்" என்று எழுதி நின்றுவிடுவார்கள்.

சறுக்கினால் உடனே வெளியே அனுப்பலாமா? கூடாது. "15-ஐப் போட்டுப் பாருங்கள்" என்று சொல்ல வேண்டும். பதறாமல் பார்த்து, தவறைத் தானே கண்டுபிடித்துத் திருத்துகிறாரா? அவரை நம்பி வேலை கொடுக்கலாம்!

அன்று கேட்டதும் அதைத்தானே: பயமா, இல்லையா?