பெட்டித் துணிக்கும் கணக்குண்டு

பணத்துக்குக் கணக்கெழுதுவோர் பலர்; நெல்லுக்கும் தேங்காய்க்கும் எழுதுவோரும் உளர். தைத்து எஞ்சிய துணிக்குக் கணக்கெழுதுவோர் மிகச் சிலரே. பிறகு உதவும் என்று பெட்டியிலிட்டு மூடுகிறோம். பெட்டி நிறைகிறது, உள்ளே இருப்பது இன்னதென்பது மறந்துபோகிறது.

முன்னோர் இக்கணக்கை அறியாதவரல்லர். பௌத்த விநய நூலாகிய சுள்ளவக்கத்தில் ஒரு செய்தி உண்டு. பெருங்கதையின் தலைவனாக நாம் அறிந்த உதயணனின் தேவியர், ஆனந்த தேரருக்கு 500 மேலாடைகளை வழங்கினர். ஒரு துறவிக்கு இத்தனை ஆடை எதற்கு, துணி வாணிகம் செய்யப்போகிறாரோ என்று ஐயுற்ற மன்னன் நேரிற் சென்று வினவினான். ஆடை நைந்த துறவியர்க்குப் பகிர்ந்தளிப்போம் என்றார் தேரர். அவர்களுடைய பழைய ஆடைகள் படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்பு மெத்தையுறையாகும். பழைய உறை தரைவிரிப்பாகும். அது பின்னர்க் கால் துடைக்கவும், அதன்பின் தூசி துடைக்கவும் ஆகும். அதுவும் இற்றால் இடித்துச் சேற்றோடு குழைத்துத் தரை பூசுவோம் என்று முடித்தார். மகிழ்ந்த மன்னன் மேலும் 500 ஆடைகளை அளித்தான்.

ஆனால் துணியைச் செலவிடத் தயங்குவோர் யாவரும் சோம்பரால் தயங்குவதில்லை. இதை நான் புத்தளம் மாவட்டக் கடலோரத்தில் கண்டறிந்தேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, மன்னார்த் தீவிலிருந்து பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையை அடைந்தனர். எங்கள் குடும்பமும் அவ்வாறு வந்ததே. உம்மா கிடுகுக் குடிசையில் இருந்து அயலாருக்குத் தைத்துக் கொடுத்தார். கூலியில் மிஞ்சியதற்குச் சிறிது சிறிதாக நல்ல துணி வாங்கித் தகரப்பெட்டியில் வைத்தார். வெட்டி எஞ்சிய துண்டுகளையும் அதிலேயே சேர்த்தார். "ஊருக்குப் போகக்குள்ள வேணும் மகள், தொடாதே" என்பார்.

2009இற் போர் முடிந்தது. சிலர் மீண்டும் ஊரிற் குடியேறினர். எங்களைப் போல் தொழிலும் பிள்ளைகளின் படிப்பும் இங்கே வேரூன்றிவிட்டோர் தங்கிவிட்டனர். பெட்டி மட்டும் திறக்கப்படவில்லை. அத்துணியை வெட்டினால், இனிப் போவதில்லை என்று ஒப்புக்கொண்டதாகும் அன்றோ?

உப்புக்காற்று யாருக்காகவும் காத்திராது. ஒருநாள் எடுத்துப் பார்த்த துணி மடித்த மடிப்பிலேயே கிழிந்தது. அன்றே இருவரும் கணக்கெழுத அமர்ந்தோம். பள்ளிக்கூடக் கொப்பியில் எண், நிறம், நீளம், நோக்கம் என நான்கு நிரல் வகுத்தேன். நோக்கத்தை உம்மா சொல்லச் சொல்ல எழுதினேன்: மன்னார் வீட்டு முன் ஜன்னலுக்கு, வாப்பாவின் கட்டில் விரிப்புக்கு. வாப்பாவும் இல்லை, அவ்வீடும் இல்லை. அவ்வரிகளை அடிக்க என் கை எழவில்லை. உம்மாவோ சற்றிருந்து, இந்த வீட்டு ஜன்னலின் அகலம் என்ன என்று கேட்டுக் கத்தரிக்கோலை எடுத்தார்.

சிறுதுண்டுகளுக்கு வேறு வழி கண்டோம். புத்தளத்தை அடுத்த சிரம்பையடியில் ஆபிரிக்க வழித்தோன்றல்கள் வாழ்கின்றனர். அவர்களைப் போன்றே ஆபிரிக்க மூலமுடைய சித்தி மக்கள் இந்தியாவின் வட கன்னட மாவட்டத்தில் உள்ளனர். அச்சித்திப் பெண்கள் பழந்துணியாற் கவந்தி என்னும் ஒட்டுப்போர்வை தைப்பர். அடித்துணியின் ஓரத்திலே தொடங்கி, துண்டுகளை ஒன்றன் மேலொன்று சற்றே படியவைத்து, சுற்றிச் சுற்றி நடுவை நோக்கித் தைத்துச் செல்வர். மூலைகளில் மடித்த சிறுதுண்டுகளைப் பூவென வைத்து முடிப்பர். அளந்து வெட்டவேண்டியதில்லை; கிடைத்த துண்டே அளவு. இம்முறையில் எங்கள் சிறுதுண்டுகள் இரண்டு போர்வைகளாயின.

பெட்டி வைத்திருப்போர் வரும் விடுமுறையில் ஒருமுறை திறந்து எழுதிப் பார்ப்பாராக. எவை இற்றன, எவை உதவும், எவற்றை யாருக்குக் கொடுக்கலாம் என்பது ஒரு பகற்பொழுதில் தெளிவாகும். யாவற்றையும் தீர்த்தே ஆகவேண்டும் என்பதில்லை. உம்மா நீலத்துணி ஒன்றை மட்டும் வெட்டத் தரவில்லை. அதற்கும் கொப்பியில் ஓர் எண் உண்டு. நோக்கத்தில் மன்னார் என்றே இருக்கிறது.