தன் கல்லாவுக்குத் தானே காவல்



"கடையில் ஆள் நிற்பதில்லை, நிற்கிற ஆளும் சொன்னபடி கேட்பதில்லை" என்பது ராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை நம்மவர்கள் சொல்லும் குறை. ஆளை நடத்த வழி தேடுமுன், நம்மை நாம் எப்படி நடத்திக்கொள்கிறோம் என்று பார்ப்பது நல்லது. இதற்கு நம் வடசென்னையிலேயே ஒரு முன்னோடி உண்டு.

நெசவுத் தொழிலும் வாணிபமும் நடத்திய சர் பிட்டி தியாகராயர் 1852இல் பிறந்தவர். பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரியும் தியாகராய நகரும் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கின்றன. எப்போதும் வெள்ளை உடையில் இருந்ததால் 'வெள்ளுடை வேந்தர்' என்று பெயர் பெற்றார்.

1920இல் நடந்த சென்னை மாகாணத் தேர்தலில் அவர் தலைமை தாங்கிய நீதிக்கட்சி வென்றது. அமைச்சரவை அமைக்க ஆளுநர் வில்லிங்டன் அவரைத்தான் அழைத்தார். அவர் ஏற்கவில்லை, கடலூர் சுப்பராயலு ரெட்டியார் முதல்மந்திரியானார். தியாகராயர் 1925இல் மறையும்வரை கட்சிக்குத் தலைவராகவே இருந்தார். வீடு தேடி வந்த பதவியை வேண்டாம் என்றவர், கட்சிக்காரர்களிடம் "பதவிக்கு அடித்துக்கொள்ளாதீர்கள்" என்று சொல்லத் தகுதி பெற்றவர் அல்லவா?

அதே 1920இல் அவர் தலைவராக இருந்த சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியில் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகக்கூடாது என்று வரம்பும் வைத்தது. ரூபாய்க்கு 16 அணா. நல்ல காரியத்துக்கும் கணக்கு உண்டு என்பது வியாபாரிக்குப் புரியும்.

அவ்வளவு பெரிய பதவி நம்மைத் தேடி வரப்போவதில்லை. நமக்கு அன்றாடச் சோதனை கல்லாப்பெட்டிதான். முதலாளி வீட்டுச் செலவுக்கு 500 ரூபாய் எடுக்கிறார், எழுதுவதில்லை. இரவு கணக்கு உதைக்கிறது. பையனைக் கேட்கலாமா? எடுத்தது யார் என்று முதலாளிக்கே நிச்சயம் இல்லை. நேர்மையான பையன் மனம் நொந்து வேறு கடைக்குப் போகிறான். மற்றவன், இங்கே கணக்கு இல்லை என்று தெரிந்துகொள்கிறான்.

கடனும் அப்படியே. "பழைய பாக்கி தீராமல் சரக்கு கொடுக்காதே" என்று பையனுக்கு உத்தரவு. மாலையில் முதலாளியின் மைத்துனர் வந்தால் சிட்டை இல்லாமல் மூட்டை போகிறது. மறுநாள் அந்த உத்தரவுக்கு மதிப்பு ஏது?

மூன்றாவது கோபம். வாடிக்கையாளர் முன்னால் ஆளைத் திட்டினால் அவன் திருந்துவதில்லை, மறைக்கக் கற்றுக்கொள்கிறான். எண்ணெய் டின் ஒழுகுவதையும் பருப்பில் வண்டு விழுந்ததையும் நமக்குச் சொல்லமாட்டான். சரக்கு கெட்ட பிறகுதான் தெரியும், நட்டம் நமக்கு.

ஆகவே செய்ய வேண்டியவை சில. முதலாளியும் மாதச் சம்பளம் வைத்துக்கொள்ளட்டும். பேரேட்டில் தம் பெயருக்கு ஒரு பக்கம் போட்டு, வீட்டுக்குப் போகும் கால் கிலோ சர்க்கரையையும் பற்று எழுதட்டும். கடன் வரம்பு சொந்தக்காரருக்கும் ஒன்றே என்று இருக்கட்டும். கண்டிப்பதைக் கடை சாத்திய பின் தனியே வைத்துக்கொள்ளட்டும். கடை திறக்கும் நேரத்துக்குப் பையனுக்கு முன்னால் அவர் வந்து நிற்கட்டும்.

பெரிய அங்காடிகளோடு போட்டி போடும் இந்நாளில், நம் சின்னக் கடைக்குப் பலம் நம்பிக்கையான ஆட்கள்தான். அவர்கள் தினமும் பார்த்துக் கற்பது நம்மைத்தான். வரும் முதல் தேதியில் புதுப் பேரேடு தொடங்கும்போது, முதல் பக்கத்தை உங்கள் பெயருக்கே எழுதிப் பாருங்கள்.