கறளும் கைத்திறனும்

மகாவலியின் கிளையாகிய வெருகல் ஆறு கடலோடு கலக்கும் பகுதியில் உப்புக்காற்று ஓய்வதில்லை. திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே ஓடும் வாகனங்களின் தகடுகளில் அக்காற்று எளிதிற் கறளை உண்டாக்குகின்றது. 2020ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகள் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தபோது, பழைய வண்டியைப் பேணுவதன் அருமையைப் பல குடும்பங்கள் உணர்ந்தன.

எம்மிடம் பயின்ற இளைஞர் ஒருவர் வெருகலில் டிங்கரிங் வேலைக்கென ஒரு கராஜ் தொடங்க விரும்பினார். "ஐயா, கையில் இருப்பது சிறு முதல். தேய்க்கும் மெசின் முதலில் வாங்கவா, உப்புத்தாளே போதுமா?" என வினவினார். அவருக்கு நாம் கூறியவை பிறருக்கும் பயன்படலாம்.

முதலில் வேலையை அறிதல் வேண்டும். உப்புத்தாளின் இலக்கம் குறைந்தால் சொரசொரப்பு மிகும். கறளை நீக்க 80ஆம் இலக்கத் தாள் ஏற்றது. இங்கே கிரைண்டரை அழுத்திப் பிடித்தால், ஒரு மில்லிமீற்றரும் தடிப்பில்லாத தகடு சூடேறி நெளிந்துவிடும். பள்ளத்தை நிரப்பிய புட்டியை 80, 120, 180 என்ற வரிசையிலே தேய்த்தல் முறை. பிரைமருக்கு 320, 400 ஆகியன பொருந்தும். இடைப்படியைத் தாண்டினால், 80 இட்ட கீறலை 400 அழிக்காது. வர்ணம் பூசியபின் அக்கீறல் வெயிலிலே தெரியும்.

புட்டியைத் தேய்க்கையில் தாளைக் கடினமான கட்டையிற் சுற்றிக்கொள்ளல் வேண்டும். வெறும் விரல்கள் பள்ளத்தோடு பள்ளமாய்ச் செல்லும். கட்டையோ மேட்டை மட்டும் தேய்த்துச் சமப்படுத்தும். புட்டிக்கு நீர் ஆகாது. அது நீரை உறிஞ்சி அடியிலே மீண்டும் கறளை வளர்க்கும். பிரைமர் நன்கு உலர்ந்தபின் நீர் தொட்டுத் தேய்க்கலாம்.

நீரிற் கரையாத உப்புத்தாளுக்கும் ஒரு வரலாறு உண்டு. பிரான்சிஸ் ஓக்கி என்பார் கண்டறிந்த அதனை, 1921இல் அமெரிக்காவின் திரீ எம் கம்பனியார் விற்பனைக்குக் கொணர்ந்தனர். கார்களுக்கு வர்ணம் பூசும் இடங்களிற் புழுதி தணிய அது பெரிதும் உதவிற்று.

மெசின் வேண்டாமென்பதன்று எமது கருத்து. சுழன்றுகொண்டே அசையும் சாண்டர் அகன்ற பரப்பில் நேரத்தை மிச்சப்படுத்தும். 5 மில்லிமீற்றர் அசைவுடையது விரைந்து தேய்க்கவும், 3 மில்லிமீற்றர் அளவினது மென்மையாக முடிக்கவும் உகந்தவை. காற்றால் இயங்குவது கைக்கு இலகுவாயினும், அதற்குப் பெரிய கொம்பிரசர் தேவை. ஆகவே சிறு கராஜுக்குப் புழுதியை உறிஞ்சும் வசதியுள்ள மின்சாரச் சாண்டரே போதும். மட்காட்டின் வளைவுக்கும் கதவின் விளிம்புக்கும் கையே துணை.

இவை யாவற்றிலும் முந்தியது மூச்சு. பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அதன் தூசி உடுப்போடு வீட்டுக்குச் சென்று குழந்தைகளையும் தாக்கும். மூக்கிற் கட்டிய கைக்குட்டை நுண்தூசியைத் தடுக்காது. முகத்தோடு நன்கு பொருந்தும் என்95 கவசமேனும் அணிதல் வேண்டும். வேலை உடுப்பை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைத்தல் ஆகாது.

எனவே அவ்விளைஞருக்கு நாம் கூறிய வரிசை இதுவே: முதலிற் கவசம், அடுத்துக் கட்டையும் தாள்களும், வருவாய் கண்டபின் சாண்டர். பெற்றோரே, பிள்ளை கைத்தொழிலை நாடினால் தடுக்காதீர்கள். அவன் எதைக் கொண்டு தேய்க்கிறான் என்பதோடு, எதனைச் சுவாசிக்கிறான் என்பதையும் கேளுங்கள்.