சேர்க்கையும் உடைமையும்: மாஜோங் ஆட்டத்தின் கோவைகள் பற்றி ஒரு நோக்கு

ஆட்டங்கள் பற்றிய ஆய்வு தமிழிலே பெரும்பாலும் நாட்டார் வழக்காற்றியலின் ஒரு கிளையாகவே நின்றுவிட்டது. கிளித்தட்டும் பல்லாங்குழியும் பெற்ற கவனத்தைத் துறைமுகங்களிலும் பட்டினங்களிலும் வழங்கும் ஆட்டங்கள் பெறவில்லை. ஒழுக்கவாதிகள் அவற்றைச் சூது என ஒதுக்கினர். முற்போக்காளர் பலர் வீண்பொழுது எனப் புறக்கணித்தனர். ஆயின் ஓர் ஆட்டத்தின் விதி என்பது மனிதர் தமக்குள் வகுத்துக்கொண்ட உறவுமுறையாகும். எனவே அது சமூக ஆய்வுக்கு உரிய பொருளே.

இவ்வாய்வைத் திருகோணமலைத் துறைமுகத்திலிருந்து தொடங்குவது பொருத்தமுடையது. 1639இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டை, 1782இல் பிரெஞ்சுக்காரர் கைக்கும், 1795இல் பிரித்தானியர் கைக்கும் மாறியது. பிரித்தானியக் கடற்படைத்தளம் 1957இலேயே இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. இவ்வாதிக்கங்களின் தடயத்தைக் கோட்டை மதிலில் மட்டுமன்றிச் சீட்டுக்கட்டிலும் காணலாம். ஆடுதன், உருவித்தன், கலாவரை, இஸ்கோப்பன் என்னும் ஈழத்து வழக்குச் சொற்கள் ஒல்லாந்த மொழியின் வழி வந்தவை. கோட்டையை இழந்தவனுடைய சொல் மக்களின் ஓய்வுப் பொழுதிலே இன்றும் வாழ்கின்றது. ஆட்டங்கள் கடல்வழியே பண்டங்களோடு பயணம் செய்தன என்பதற்கு இது நம்மிடையே உள்ள சான்றாகும்.

சீனத் துறைமுகப் பட்டினங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வடிவம் பெற்ற மாஜோங் இத்தகைய பயணத்துக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. வழக்கமான தொகுதியில் 144 காய்கள் உள. மூன்று இனங்களில் ஒன்று முதல் ஒன்பது வரை, ஒவ்வொன்றும் நான்கு பிரதியாக, 108 காய்கள். திசைக்காற்று நான்கும் வண்ணக்காய் மூன்றும் நான்கு பிரதியாக 28. மலரும் பருவமும் குறிக்கும் எட்டு. நால்வர் ஆடுவர். ஒவ்வொருவர் கையிலும் 13 காய்கள் இருக்கும். ஒன்றை எடுத்து ஒன்றைக் கழிப்பதே ஆட்டத்தின் ஓட்டம். பதினான்காவது காயுடன் நான்கு கோவைகளும் ஓர் இணையும் நிறைவுற்றால் வெற்றி.

கோவைகள் மூவகைப்படும். ஒரே இனத்தில் அடுத்தடுத்த மூன்று எண்கள் சேர்வது ‘சாவ்’. ஒரே காய் மூன்று சேர்வது ‘பொங்’. நான்கும் சேர்வது ‘காங்’. காங் நான்கு காய்களைக் கொண்டிருப்பினும் ஒரு கோவையாகவே கொள்ளப்படுவதால், குறையை நிரப்ப ஒரு காய் மேலதிகமாக எடுக்கப்படும். பிறர் கழித்த காயைக் கொண்டும் கோவை முடிக்கலாம். பொங்குக்கு எவர் கழித்ததையும் கேட்கலாம். சாவுக்கு இடப்புறத்தார் கழித்ததை மட்டுமே கேட்கலாம். ஆயின் ஆட்டத்தை முடிக்கும் காயாயின் இக்கட்டுப்பாடு இல்லை.

சேர்க்கையின் நுட்பம் முடியாத கோவைகளின் மதிப்பீட்டிலே தங்கியுள்ளது. கையில் 5, 6 இருப்பின் 4 அல்லது 7 வரலாம். காத்திருக்கத்தக்க காய்கள் எட்டு. 4, 6 இருப்பின் 5 மட்டுமே உதவும், காய்கள் நான்கு. 1, 2 இருப்பினும் 3 என்னும் நான்கு காய்களே. ஓர் இணையைப் பொங்காக்க எஞ்சியிருப்பவை இரண்டே. மேசையிலே வெளிப்பட்டவற்றை இவ்வெண்களிலிருந்து கழிக்க வேண்டும். எனவே தேர்ந்த ஆட்டக்காரர் தம் கையை மட்டும் பார்ப்பதில்லை. ஏனைய மூவரும் எதனைக் கழித்தனர், எதனைக் கழிக்கத் தயங்கினர் என்பதையும் கணக்கிடுவர். ஒருவருக்குப் பயனற்ற காய் மற்றவருக்கு இன்றியமையாததாகும். காயின் பெறுமதி காயில் இல்லை. அது நுழையும் உறவிலேயே உள்ளது.

காய்களின் சின்னங்களும் நோக்கத்தக்கவை. வட்டம் செப்புக்காசைக் குறிப்பது. மேனாட்டார் மூங்கில் எனக் கொண்ட இனம், துளையிட்ட காசுகளைக் கோத்த சரமாகும். மூன்றாம் இனம் ‘பத்தாயிரம்’ என்னும் எண்ணைத் தாங்கியது. காசு, காசுச்சரம், பத்தாயிரம் என மூன்று இனங்களும் பணத்தின் வளரும் அளவுகளாகவே உள்ளன. 1920களில் அமெரிக்க எண்ணெய் நிறுவனமொன்றின் பிரதிநிதியாகச் சீனத்தில் பணியாற்றிய ஜோசப் பாப்காக் இவ்வாட்டத்தை விதிகளை எளிமைப்படுத்தி விற்றபோது, அதுவே ஒரு பண்டமாயிற்று. சிக்காகோ இறைச்சித் தொழிற்சாலைகளின் மாட்டெலும்பு ஷாங்காய்க்குக் கப்பலேறி, சீனத் தொழிலாளரின் கையால் செதுக்கப்பட்ட காய்களாக அமெரிக்க வரவேற்பறைகளுக்கு மீண்டது. கீழைநாட்டு மர்மமாக விளம்பரப்படுத்தப்பட்ட பொருளினுள் இருந்தது கூலி உழைப்பே.

நால்வரும் எடுத்தும் கழித்தும் இயங்கினாலன்றி எவருடைய கோவையும் நிறைவுறாது. ஆயினும் நிறைவின் பலன் ஒருவரையே சேரும். சேர்க்கை கூட்டாக நிகழ, உடைமை தனியாக அமைகின்றது. இதனை முதலாளித்துவ உற்பத்தியின் பொறிமுறையான பிரதிபலிப்பு என்று கொள்வது கொச்சை வாதமாகும். நமது மக்களிடையே வழங்கும் முன்னூற்று நான்கு என்னும் சீட்டாட்டத்தை ஒப்பிட்டால் இது தெளிவாகும். அதிலே 32 சீட்டுகள். ஓர் இனத்தில் 30, 20, 11, 10, 3, 2 எனப் பெறுமதிகள், கூட்டினால் 76, நான்கு இனத்துக்கும் 304. இங்கே இருவர் இருவராகக் கூட்டுச் சேர்வர். தன் கையின் பலவீனத்தைத் தோழனின் பலத்தால் ஈடுசெய்யலாம். இரண்டும் பண்ட உறவுகள் பரவிய சமூகங்களில் வழங்குவன. எனினும் ஒன்று தனியுடைமையையும் மற்றது கூட்டையும் விதியாக்கியுள்ளது. ஆட்டம் சமூகத்தை அப்படியே ஒப்புவிப்பதில்லை. அதிலுள்ள வேறுபட்ட இயல்புகளைத் தேர்ந்து வடிவமாக்குகின்றது.

இவ்வேறுபாடு இன்று நடைமுறை முக்கியத்துவம் உடையது. மாஜோங்கைப் போலவே எடுத்தும் கழித்தும் கோவை சேர்க்கும் ரம்மி, தமிழகத்திலே கைத்தொலைபேசி வழியாகப் பரவி, கடனுக்கும் தற்கொலைகளுக்கும் காரணமாயிற்று. 1967இல் இந்திய உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை மேலோங்கிய ஆட்டம் என்றது. 2022இன் தமிழ்நாட்டுத் தடைச்சட்டம் ரம்மிக்குப் பொருந்தாதென 2023இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025இல் இந்திய நாடாளுமன்றம் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. விவாதம் பெரிதும் திறமையா, வாய்ப்பா என்பதைச் சுற்றியே நிகழ்ந்தது. கேட்கப்பட வேண்டிய வினா வேறு: மேசை யாருடையது? வென்றவர் எவராயினும் ஒவ்வோர் ஆட்டத்திலும் தரகு எடுப்பவர் மேசையின் உடைமையாளரே. அவருக்குத் திறமையும் வேண்டியதில்லை, வாய்ப்பும் வேண்டியதில்லை; ஆட்டம் ஓயாது நடந்தாற் போதும்.

வால்டர் பெஞ்சமின் போதலேயர் பற்றிய தமது கட்டுரையில், இயந்திரத் தொழிலாளியின் கையசைவும் சூதாடியின் கையசைவும் ஒத்திருப்பதைச் சுட்டினார். இரண்டிலும் ஒவ்வோர் அசைவும் முந்தியதனோடு தொடர்பற்றது. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் மாஜோங்கிலோ ரம்மியிலோ இக்கூற்று முழுமையாகப் பொருந்தாது. அங்கே ஒவ்வொரு காயும் முந்திய காய்களின் நினைவோடு சேர்கின்றது. எதிரே இருப்பவரின் முகமும் தெரிகின்றது. கைத்தொலைபேசித் திரையிலே நினைவும் முகமும் மறைந்து, நொடிக்கணக்கும் இழப்பும் எஞ்சுகின்றன. தீங்கு கோவையில் இல்லை. கோவை செய்யும் ஆற்றலைத் தரகுக்கு மூலப்பொருளாக்கும் உடைமை உறவில் உள்ளது. 1949இன் பின்னர் சூதாட்டத்தை ஒடுக்கிய மக்கள் சீனமே, 1998இல் பணயமற்ற மாஜோங் போட்டிக்கு 81 சேர்க்கைகள் கொண்ட விதிகளை வெளியிட்டமை இதற்குச் சான்று.

நமது இலக்கிய மரபும் இவ்விரு பக்கங்களையும் அறிந்திருந்தது. வள்ளுவர் சூதினை அறத்துப்பாலில் வைக்காது பொருட்பாலில் வைத்தார். அது தனிமனித ஒழுக்கக்கேடு என்பதற்கு மேலாகப் பொருளியல், அரசியல் பிரச்சினையாக நோக்கப்பட்டது எனலாம். புறநானூற்றின் 52ஆம் பாட்டோ, போரினால் பாழ்பட்ட ஊரின் பொதியிலைக் காட்டும்போது, முதியோர் காய் வைத்து ஆடியதாற் குழிந்த இடத்திலே காட்டுக்கோழி முட்டையிடுவதைக் கூறுகின்றது. ஆட்டம் அற்றுப்போவது அங்கே ஊரின் அழிவுக்கு அடையாளம். போரும் இடப்பெயர்வும் கண்ட திருகோணமலைக்கு அப்படிமம் அந்நியமானதன்று. ஆகவே முற்போக்காளரின் பணி ஆட்டத்தைப் பழிப்பதாக அமையலாகாது. முன்னூற்று நான்கு ஆடும் திண்ணையைப் போலப் பொதுவில் இருந்த இடங்களை மக்களுக்கு மீட்பதும், தரகு கொள்ளும் மேசைகளை எதிர்ப்பதும் ஒன்றோடொன்று பிணைந்த பணிகளாகும்.