கால்வாயை அடைத்த கப்பல்

ஹந்தானைச் சரிவுகளிலே கொழுந்து பறிக்கும் நம் மக்களின் உழைப்பு, கொழும்பிலே கப்பலேறி ஐரோப்பாவை அடையும் பிரதான மார்க்கமாகிய சூயஸ் கால்வாயை, 2021 மார்ச் 23ஆந் திகதி, ஏறத்தாழ 400 மீட்டர் நீளமுடைய 'எவர் கிவன்' என்னும் சரக்குக் கப்பல் குறுக்கே நின்று ஆறு தினங்கள் அடைத்துவிட்டதை நேயர்கள் அறிவீர்கள்.

காரணம் யாதென உலகெங்கும் ஊகங்கள் கிளம்பின. எகிப்தின் முதற் பெண் கப்பற் கப்டனான மர்வா எல்செலஹ்தார், அவ்வேளை வெகுதூரத்தே அலெக்சாந்திரியாவில் வேறொரு கப்பலிற் பணிபுரிந்துகொண்டிருந்தும், அவர்மீது வீண்பழி சுமத்தப்பட்டது. மிகவும் கண்டிக்கத்தக்க அபவாதம் அது.

மணற்புயலோடு வீசிய பலத்த காற்று, உயர அடுக்கிய கொள்கலன்களைப் பாய்மரச் சீலைபோலப் பற்றித் தள்ளியது என்றனர் சிலர். காற்று மட்டுமே பிரதான காரணமன்று, இயந்திரக் கோளாறோ மனிதத் தவறோ இருத்தல் கூடும் என்றார் கால்வாய் அதிகாரசபைத் தலைவர் ஒசாமா ராபி. ஒடுங்கிய நீர்வழியில் பெருங்கப்பல் ஒரு கரையை அண்மித்து விரையுங்கால், இடைப்பட்ட நீர் வேகங்கொண்டு அழுத்தங் குறைவதால், அதன் பின்புறம் அக்கரைக்கு இழுபட்டு, முன்புறம் எதிர்க்கரையை நோக்கித் திரும்பிவிடும் என்பது நீரியல் விதி. காற்றும் இவ்விதியும் ஒருங்கே சேர்ந்தன என்பதே பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

நாம் மெதின் போயா அனுஷ்டித்த மார்ச் 28ஆந் திகதிப் பௌர்ணமி நீர்மட்டத்தை உயர்த்த, அகழ்வு இயந்திரங்களும் இழுவைப் படகுகளும் மறுநாள் கப்பலை மிதக்கவைத்தன. காத்துநின்ற 300க்கும் மேற்பட்ட கப்பல்களுக்கு வழி திறந்தது.