திறந்தவெளியில் மின்கம்பி இணைப்பு

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம்மவர், நவராத்திரிக்கும் மண்டல பூஜைக்கும் பந்தலிட்டு விளக்கேற்றுவது வழக்கம். குடியிருப்புத் தோட்டங்களிலும் இப்பொழுது 12 வோல்ட் விளக்குகள் பெருகிவிட்டன. கம்பியின் நீளம் போதாதவிடத்து, இரு முனைகளையும் முறுக்கி நாடா சுற்றிவிட்டு, "குறைந்த அழுத்தந்தானே, என்ன நேர்ந்துவிடும்?" என்று பலர் இருந்துவிடுகின்றனர். இக்கேள்விக்கு விடை காண்போம்.

முதலில் சொல்லின் பொருளைத் தெளிவோம். 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் 250 வோல்ட்டுக்கு மேற்படாத அனைத்தையும் 'குறைந்த அழுத்தம்' என்றே வகுத்தன. எனவே, உயிரைப் பறிக்க வல்ல 230 வோல்ட் வீட்டு மின்சாரமும் அப்பெயருக்குள் அடங்கியது. 12 வோல்ட்டோ 'மிகக் குறைந்த அழுத்தம்' என்னும் வேறு வகையைச் சார்ந்தது. ஆதலால் கடைக்காரர் 'லோ வோல்டேஜ்' என்று கூறினால், எத்தனை வோல்ட் என்று கேட்டறிதல் நம் கடமை.

உலர்ந்த உடலை 12 வோல்ட் தாக்குவதில்லை. ஆயினும் அதனால் தீ மூளக்கூடும். 60 வாட் விளக்கொன்று 230 வோல்ட்டில் ஏறத்தாழக் கால் ஆம்பியர் மின்னோட்டமே கொள்ளும். 12 வோல்ட்டிலோ 5 ஆம்பியர் வேண்டும். தளர்ந்த இணைப்பில் பத்தில் ஒரு பங்கு ஓம் தடை உண்டானால், முன்னதில் எழும் வெப்பம் ஒரு வாட்டில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பின்னதில் இரண்டு வாட்டுக்கும் அதிகம். நாடாவுக்குள் அடைபட்ட அவ்வெப்பம் இணைப்பை மேலும் கெடுக்கிறது. மழைநீர் புகுந்தால் செம்பு பச்சை பூத்து அரிக்கப்படும். அலுமினியத்தைச் செம்போடு நேராக முறுக்கினால் அரிமானம் இன்னும் விரைந்து நிகழும்.

மின்கம்பி அமைப்புக்கான ஐ.எஸ். 732 என்னும் இந்தியத் தரநெறி கூறுவதன் சாரம் இது: இணைப்பில் மின்னோட்டம் நீடித்துத் தடையின்றிச் செல்ல வேண்டும், இணைப்பு இழுவிசையைத் தாங்கும் உறுதியும் தக்க பாதுகாப்பும் உடையதாக வேண்டும், சோதித்துப் பார்க்க எளிதில் எட்டுமிடத்தில் அமைய வேண்டும். மண்ணில் புதைப்பதற்கென்றே செய்யப்பட்டவையும், பசைக்கலவை நிரப்பி அடைக்கப்பட்டவையும் இவ்விறுதி விதிக்கு விலக்காகும்.

நடைமுறையில் செய்யத்தக்கவை சில. இயன்றவரை இணைப்பே இல்லாத முழுக்கம்பியை வாங்குக. இணைப்பு இன்றியமையாததாயின், மின்சாரத்தை நிறுத்தியபின், திருகு இணைப்பானையோ நசுக்கி இறுக்கும் உலோகக் குழலையோ பயன்படுத்துக. அதனை ஐ.பி. 65 குறியுள்ள பெட்டிக்குள் வைத்துத் தரையினின்று உயர்த்திப் பொருத்துக. கம்பிகள் கீழ்ப்புறமாகவே பெட்டிக்குள் நுழையட்டும். நுழையுமுன் சற்றுத் தாழ வளைந்து வந்தால், வழியும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். மண்ணில் புதைப்பதாயின் அதற்கென விற்கும் இணைப்பானையே நாடுக. 12 வோல்ட் கம்பியை 230 வோல்ட் கம்பியோடு ஒரே குழாயில் செலுத்தாதீர்கள்.

230 வோல்ட் பகுதியில் கம்பி இணைக்கும் வேலையை உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடமே ஒப்படைக்க வேண்டும். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளும் இதனையே வற்புறுத்துகின்றன. பந்தல் விளக்குகளை ஏற்றுமுன், பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் திறந்த இணைப்பு ஏதேனும் தொங்குகிறதா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடுங்கள்.